கொன்னக்கோல் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி: கை முதலில், வாய் பிறகு

கர்நாடகக் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒரு சுற்று வாசித்து முடித்திருக்கும். அப்போது கையில் எந்த வாத்தியமும் இல்லாத ஒருவர் "தகதிமி தகஜொணு" என்று எடுத்ததும் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். தாளச் சொற்களை இப்படி வாயால் சொல்லும் கலைதான் கொன்னக்கோல். கேட்பவர்கள் வியப்பது பெரும்பாலும் அந்த வேகத்தைத்தான். புதிதாகக் கற்க வருபவர்களும் அதையே துரத்துகிறார்கள். நாக்கு சுழன்றால் கொன்னக்கோல் வந்துவிட்டதாக நினைப்பு. நாக்கு எப்படியும் பழகிவிடும். தொடையில் விழும் கை நகராமல் நிற்பதும், சொல்லில்லாத மாத்திரையை (ஓர் எழுத்து சொல்லும் நேரம்) சரியாக விட்டுவைப்பதும்தான் கடினம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

மிருதங்கம், தவில், கஞ்சிரா என்று எதைக் கற்றாலும் பாடம் முதலில் வாயில்தான் வரும். "தா தீ தொம் நம்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசிப்பார்கள். பரதத்துக்கு ஜதி சொல்லும் நட்டுவனாரும் இதே சொற்கட்டு மரபைச் சேர்ந்தவர். ஆனால் கொன்னக்கோல் பாடம் சொல்லும் கருவியாக மட்டும் நிற்காமல், கச்சேரி மேடையில் தனி இடம் பிடித்த கலை. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை, திருச்சி தாயுமானவன் போன்றவர்கள் அந்த இடத்தை நிலைநாட்டினார்கள். டி.எச். சுபாஷ் சந்திரன் கடத்தோடு கொன்னக்கோலையும் கடைசிவரை மேடையில் வைத்திருந்தார். இன்று வி. செல்வகணேஷ் போன்றவர்கள் வழியாக உலக மேடைகளிலும் இதைக் கேட்கிறோம்.

கை: ஆதி தாளம்

பத்மாசனம் தேவையில்லை. முதுகு நிமிர்ந்திருந்தால் போதும், நாற்காலியிலும் உட்காரலாம். ஆதி தாளத்தில் 8 அட்சரம், அதாவது 8 அடி. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இந்த நான்கும் லகு. அப்புறம் தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), மறுபடி தட்டு, வீச்சு. இவை இரண்டு திருதம். எட்டும் சேர்ந்தது ஓர் ஆவர்த்தனம், அதன் முதல் தட்டு சமம்.

மெட்ரோனோமை (சீராக ஒலித்து வேகம் காட்டும் கருவி அல்லது செயலி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, வாய் திறக்காமல் ஐந்து நிமிடம் கை மட்டும் போடுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. விரல் எண்ணும்போது கை மெதுவாகவும், வீச்சில் வேகமாகவும் போவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும். வீச்சில் கை காற்றில் திரும்புவதால் அடுத்த தட்டுக்கு அவசரம் வந்துவிடுகிறது. வீச்சைச் சிறியதாக வைத்தால் அது பெருமளவு சரியாகும்.

அடுத்து ஒரு சோதனை. ஓர் ஆவர்த்தனம் மெட்ரோனோம் கேட்கட்டும், அடுத்த ஆவர்த்தனம் ஒலியை அணைத்துவிட்டுக் கை மட்டும் போகட்டும், மறுபடி ஒலி. (சில செயலிகளில் இப்படி விட்டுவிட்டு ஒலிக்கும் வசதியே இருக்கிறது.) ஒலி திரும்பும்போது உங்கள் தட்டு அதோடு சேர்ந்து விழுந்தால் காலப்பிரமாணம், அதாவது சீரான வேகம், உங்களுக்குள் உட்காரத் தொடங்கிவிட்டது. முன்னால் விழுந்தால் தாளம் ஓடுகிறது, பின்னால் விழுந்தால் இழுக்கிறது. இரண்டில் ஓட்டம்தான் அதிகம் பேருக்கு.

சொல்லும் உச்சரிப்பும்

தமிழில் எழுதிப் படிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்தில் ஒரே "த", ஒரே "க" என்பதால், ஏட்டைப் பார்த்துச் சொல்பவர் தடுமாறுவார். "தக" என்பதில் உள்ள "க", "அகம்" என்பதில் வருவது போல மெலியக்கூடாது. "பக்கம்" என்பதில் வருவது போல அழுத்தமாக இருக்க வேண்டும். "தகிட"வின் "ட" "பட்டம்" என்பதில் வருவது. "திமி"யின் "தி" மட்டும் "பந்தி"யில் வருவது போல மென்மையானது. "ததிங்கிணதொம்" என்பதில் இரண்டாவதாக வரும் "தி" பந்தியின் தி, "கி" சங்கிலியின் கி, "தொம்" தொட்டிலின் தொ. (பேச்சில் "ததிங்கிணத்தோம் போடுகிறான்" என்போமே, அதே சொல்தான்.)

எழுதும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாத்திரை. காற்புள்ளி ஒரு மாத்திரை மௌனம், அதாவது கார்வை. "தா ," என்றால் தா ஒன்று, கார்வை ஒன்று, ஆக 2 மாத்திரை. "திங்", "தொம்" இரண்டிலும் ஒற்றெழுத்துக்குத் தனிக் கணக்கு கிடையாது.

ஐந்து ஜாதிகள்

திச்ரம் 3: தகிட
சதுச்ரம் 4: தகதிமி
கண்டம் 5: தகதகிட
மிச்ரம் 7: தகிடதகதிமி
சங்கீர்ணம் 9: தகதிமிதகதகிட

இதில் மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. 2, 3, 4 ஆகிய மூன்று துண்டுகள்தான் எல்லாவற்றிலும் திரும்ப வருகின்றன: தக, தகிட, தகதிமி. 8 வேண்டுமென்றால் தகதிமி தகஜொணு. எந்த எண்ணைச் சொன்னாலும் இந்தத் துண்டுகளால் உடனே கட்டத் தெரிந்தால் போதும். 11 என்றால் தகதிமி தகதிமி தகிட. யாரையாவது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள், விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்திலும் லேசான அழுத்தம் வேண்டும். கத்தக் கூடாது. அழுத்தமே இல்லாவிட்டால் தகிடவும் தகதிமியும் கேட்பவர் காதில் ஒரே ஓட்டமாகிவிடும்.

மூன்று காலம்

கை அதே வேகம். முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஓர் எழுத்து: தட்டில் த, சுண்டுவிரலில் க, மோதிரவிரலில் தி, நடுவிரலில் மி. இரண்டாம் காலத்தில் அட்சரத்துக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. 60 அடியில் மூன்றாம் காலம் என்றால் நொடிக்கு 4 எழுத்து, யாருக்கும் முடியும். அதற்கு மேல் ஒரு மடங்கு போனால் நொடிக்கு 8. அதை இப்போது தொட வேண்டாம்.

முதல் காலத்தை எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் அதிக நேரம் நிற்கச் சொல்வேன். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு முழு நொடி காலியாக இருக்கும்போது கை ஆடினால் பளிச்சென்று தெரியும். மூன்றாம் காலத்தில் அதே தவறு ஒளிந்துகொள்ளும்.

காலம் மாறும் இடமும் கவனிக்க வேண்டியது. முதலிலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது கையும் கொஞ்சம் வேகமெடுக்கும், மூன்றாவதிலிருந்து முதலுக்குத் திரும்பும்போது தொய்யும். கைபேசியில் பதிவு செய்து, தட்டும் சத்தத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

ஒரு ஜாதியை இன்னொன்றின் மேல் ஓட்டுவது

மூன்றாம் காலத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 × 4 = 32 மாத்திரை. இனி எல்லாக் கணக்கும் இந்த 32-ஐ வைத்துத்தான். இதில் தகிட சொல்லுங்கள். தகிடவின் தொடக்கம் ஒருமுறை தட்டோடு விழும், அடுத்தது மூன்றாவது மாத்திரை கழித்து, அதற்கடுத்தது வேறெங்கோ. 10 தகிட 30 மாத்திரை, மீதி 2-க்கு ஒரு தக. ஆக, பத்து தகிடவும் ஒரு தகவும் சொன்னால் சமத்துக்கு வந்து சேர்வீர்கள்.

தக சேர்க்காமலே போக விரும்பினால் 3 ஆவர்த்தனம் போங்கள்: 96 மாத்திரை, 32 தகிட, கச்சிதமாக முடியும். தகதகிட என்றால் 5 ஆவர்த்தனம், மிச்ரம் என்றால் 7, சங்கீர்ணம் என்றால் 9. எண்ணிக்கொண்டே போகாமல், கை தானே சமத்தைக் காட்டும்வரை சொல்லிக்கொண்டு போவதே இந்தப் பயிற்சியின் பயன். வாயின் அழுத்தம் ஓரிடத்தில், கையின் தட்டு வேறிடத்தில் விழும்போது கை வாயின் பின்னால் ஓடாமல் இருந்தால், பாதிக் கொன்னக்கோல் வந்துவிட்டது என்பேன்.

தீர்மானம்: மூன்று முறை சொல்லிச் சமத்தில் இறங்குவது

ஒரு சொல்லை மூன்று முறை சொல்லி, மூன்றாவது முடிந்ததும் அடுத்து வரும் "தா" சமத்தில் விழ வேண்டும். நடுவே இரண்டு கார்வைகள் வரலாம், வராமலும் இருக்கலாம். கணக்கு எளிது: சொல்லின் அளவு × 3, கார்வையின் அளவு × 2, இரண்டையும் கூட்டுங்கள். 32-இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் சமத்திலிருந்து நீங்கள் காத்திருக்க வேண்டிய மாத்திரை.

முதலில் காத்திருக்கவே தேவையில்லாத ஒன்று. தகதிமி தகஜொணு 8, கார்வை 4 (இங்கே ஒரு தாவும் மூன்று மௌனமும் சேர்ந்தது). 24 + 8 = 32.

தட்டு: தகதிமி
சுண்டுவிரல்: தகஜொணு
மோதிரவிரல்: தா , , ,
நடுவிரல்: தகதிமி
தட்டு: தகஜொணு
வீச்சு: தா , , ,
தட்டு: தகதிமி
வீச்சு: தகஜொணு
சமம்: தா

அடுத்தது கொஞ்சம் சுவையானது. ததிங்கிணதொம் 5 மாத்திரை. அதை ஒன்று நீட்டி "த தீ , கி ண தொம்" என்றால் 6. "தா , தீ , கி ண தொம்" என்றால் 7. ஆறுக்கும் ஏழுக்கும் முன்னால் "தக" சேர்த்தால் 8, 9 கிடைக்கும். இந்த ஒரே குடும்பத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ தீர்மானம் கட்டலாம். 6 மாத்திரைச் சொல்லை எடுத்து, 1 மாத்திரை கார்வை விட்டால் 18 + 2 = 20. 32 − 20 = 12, அதாவது 3 அட்சரம் போன பிறகு நடுவிரலில் தொடங்க வேண்டும்.

தட்டு: தகதிமி
சுண்டுவிரல்: தகஜொணு
மோதிரவிரல்: தகதிமி
நடுவிரல்: த தீ , கி
தட்டு: ண தொம் , த
வீச்சு: தீ , கி ண
தட்டு: தொம் , த தீ
வீச்சு: , கி ண தொம்
சமம்: தா

கடைசி வீச்சில் கை விழும்போது வாயில் மௌனம் இருப்பதைப் பாருங்கள். புதியவர்கள் அந்த இடத்தில்தான் "கி"யை இழுத்து வீச்சின் மேல் போட்டுவிடுவார்கள், ஒரு மாத்திரை காணாமல் போகும், "தா" சமத்துக்கு முன்பே வந்து நிற்கும். கார்வையைச் சொல்லாகவே நினையுங்கள். தொடக்கத்தில் அந்த இடத்தில் "ம்" என்று மூக்கால் ஒலித்துப் பழகி, பிறகு அதை விட்டுவிடலாம். 1 மாத்திரை கார்வையில் மூச்சு எடுக்க முயலாதீர்கள், அடுத்த சொல் தாமதமாகும். மூச்சுக்கு 3, 4 மாத்திரைக் கார்வைகள் இருக்கின்றன. அவை இல்லாத தீர்மானத்தில் தொடங்கும் முன்பே நெஞ்சு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்களே கட்டிப் பாருங்கள். ததிங்கிணதொம் 5, கார்வை 2: மொத்தம் 19, மீதி 13. நடுவிரல் விழுந்து ஒரு மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். தட்டோடு தொடங்காமல் தள்ளித் தொடங்கும் முதல் அனுபவம் இது. நான்கைந்து முறை தவறும், பரவாயில்லை.

கோர்வை

கோர்வை என்பது முன்பகுதியும் முடிவுப் பகுதியும் சேர்ந்த கட்டுமானம். முன்பகுதி சுருங்கிக்கொண்டோ விரிந்துகொண்டோ போகும், முடிவில் மூன்று முறை வரும் தீர்மானம் நிற்கும். ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்கும் சிறிய கோர்வை ஒன்று:

தகதிமி தா , (6)
தகிட தா , (5)
தக தா , (4)
ததிங்கிணதொம் , ததிங்கிணதொம் , ததிங்கிணதொம் (17)

15 + 17 = 32. கையோடு பொருத்தினால் இப்படி விழும்:

தட்டு: த க தி மி
சுண்டுவிரல்: தா , த கி
மோதிரவிரல்: ட தா , த
நடுவிரல்: க தா , த
தட்டு: திங் கி ண தொம்
வீச்சு: , த திங் கி
தட்டு: ண தொம் , த
வீச்சு: திங் கி ண தொம்
சமம்: தா

6, 5, 4 என்று பசுவின் வால் போலக் குறுகி வருவதால் இதைக் கோபுச்ச யதி என்பார்கள். முன்பகுதியைத் தலைகீழாக 4, 5, 6 என்று சொன்னால் சுரோதோவக யதி. மொத்தம் அதே 15 என்பதால் மற்றது எதுவும் மாறாது.

இந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது முதல் நாளைக்கு மட்டும்தான். விரலுக்கு விரல் துண்டாக மனப்பாடம் செய்தால் சொல் உடைந்து கேட்கும். தகதிமி தா, தகிட தா, தக தா என்று வாக்கியமாகச் சொல்லிப் பழகி, கை தன் போக்கில் அடியில் ஓடட்டும்.

நடை மாற்றம்

இதுவரை ஓர் அட்சரத்தில் 4 மாத்திரை, அதாவது சதுச்ர நடை. கை வேகம் மாறாமல் 3 மாத்திரை வைத்தால் திச்ர நடை, ஆவர்த்தனத்துக்கு 24. கண்ட நடை 40, மிச்ரம் 56, சங்கீர்ணம் 72.

ஓர் ஆவர்த்தனம் தகதிமி, அடுத்தது தகிட, மறுபடி தகதிமி என்று மாறி மாறிச் சொல்லுங்கள். இது சரளமான பிறகு கண்ட நடை. கண்டத்தில் ஐந்தை ஓர் அட்சரத்துக்குள் அடைக்கும்போது "தகதகிட" பெரும்பாலும் "தக" வேகமாகவும் "தகிட" நிதானமாகவும் வரும். ஐந்தும் சமமாக இருக்க வேண்டும். மெட்ரோனோமில் அட்சரத்துக்கு 5 துணை ஒலி வைத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். 50 அடிக்குக் குறைத்துக்கொண்டாலும் தவறில்லை.

இனி ஓர் அழகான விஷயம். மேலே சொன்ன கோர்வையை அப்படியே திச்ர நடையில் மூன்று முறை சொல்லுங்கள். 32 × 3 = 96, திச்ர நடையில் ஆவர்த்தனத்துக்கு 24, ஆக 4 ஆவர்த்தனத்தில் சரியாகச் சமத்துக்கு வந்து சேரும். முதல் முறை முடியும் இடமும் இரண்டாவது முடியும் இடமும் தட்டுக்கு நடுவே எங்கோ தொங்கும், மூன்றாவது மட்டும் இறங்கும். கண்ட நடையில் இதையே ஐந்து முறை சொன்னால் 160, அதுவும் 4 ஆவர்த்தனம். கணக்காகப் பார்த்தால் ஆரம்பப் பள்ளிப் பெருக்கல்தான், சொல்லிப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

மற்ற தாளங்கள், எடுப்பு

ரூபகத்தை வழக்கத்தில் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று அடியாகப் போடுவார்கள், 12 மாத்திரை. மிச்ர சாபு 3 + 4, தகிட தகதிமி. கண்ட சாபு 2 + 3, தக தகிட. சாபு தாளங்களில் கை போடும் விதம் பாணிக்குப் பாணி சற்று மாறும், உங்கள் குருவின் பழக்கத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு பழகியவருக்கு இவை புதிதல்ல. ஆதியில் நடுவிரலில் தொடங்கினோமே 20 மாத்திரைத் தீர்மானம், கண்ட சாபுவில் ஆவர்த்தனத்துக்கு 10 மாத்திரை என்று வைத்தால் அது இரண்டு ஆவர்த்தனத்துக்குச் சமத்திலிருந்து சமம்வரை பொருந்திவிடும். மிச்ர சாபுவில் 14 மாத்திரைக்கு: தகதிமி , தகதிமி , தகதிமி. 12 + 2. முடிந்தது.

பாட்டு எப்போதும் சமத்தில் எடுப்பதில்லை. அரை இடம், முக்கால், ஒன்றரை என்று தள்ளி எடுக்கும் கிருதிகள் ஏராளம். அப்போது கோர்வை பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், போய் இறங்க வேண்டும். முழு ஆவர்த்தன அளவுள்ள கோர்வைக்கு இதில் கஷ்டமே இல்லை: எடுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே தொடங்கினால் அங்கேயே முடியும். மற்றவற்றுக்குத் தொடங்கும் இடத்தை அத்தனை மாத்திரை தள்ள வேண்டும். ஆனால் அரை இடத்திலிருந்து சொல்லும்போது எல்லாச் சொல்லும் கையில் வேறு இடங்களில் விழும் என்பதால், மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வார்.

வேகம்

இப்போது பேசலாம். வேகத்துக்கென்றே உருண்டோடும் சொற்கள் இருக்கின்றன: தரிகிட, தளாங்கு, "கிடதக தரிகிட தொம்". தகதிமியை இரட்டிப்பு வேகத்தில் சொல்வதைவிட "கிடதக தரிகிட" எளிது, ஏனென்றால் நாக்கு நுனியும் அடிநாக்கும் மாறி மாறி வேலை செய்கின்றன. மெட்ரோனோமை 60-இல் தொடங்கி, ஒரு சொல் ஓர் எழுத்தும் விழுங்காமல் தெளிவாக வந்தால் மட்டும் 4, 5 அடி ஏற்றுங்கள். தாடையும் தொண்டையும் இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் அன்றைக்கு அந்த வேகம் போதும். குரலை உரக்க எழுப்பத் தேவையில்லை, மேடையில் மைக் இருக்கிறது.

வேகச் சொற்கள் நடுவே அவ்வப்போது ஒரு நீண்ட "தா" வராவிட்டால் கேட்பவருக்குக் களைப்பாக இருக்கும். கச்சேரி வீடியோக்களில் கைதட்டல் வேகத்துக்குக் கிடைப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வேகத்துக்கு முன்னால் கலைஞர் எவ்வளவு நேரம் சர்வலகுவில், அதாவது சுகமான சாதாரண நடையில், நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

குரு, கூட்டாளி, மேடை

இதுவரை சொன்னது தனியாகப் பழகக்கூடியது. பெரிய மோரா (தனி ஆவர்த்தனத்தில் கடைசிக் கோர்வைக்கு முன் வரும் நீண்ட அமைப்பு), நீண்ட கோர்வைகள், சொல்லின் நயம் இவற்றுக்கு ஒரு குரு வேண்டும். கொன்னக்கோலுக்கென்று தனி ஆசிரியர் கிடைக்காவிட்டால் மிருதங்கமோ கஞ்சிராவோ சொல்லித்தருபவரிடம் போகலாம், அவர்களுக்குச் சொல் வாயில்தான் இருக்கிறது. வாத்தியமும் கூடவே கற்றால் "தொம்" ஏன் கனமாகவும் "நம்" ஏன் கணீரென்றும் சொல்லப்படுகிறது என்பது விரலிலேயே புரிந்துவிடும். கேள்வி ஞானத்துக்கு, அருணகிரிநாதரின் திருப்புகழைச் சந்தத்தோடு வாய்விட்டுப் படிப்பதும் நல்ல துணை. "தத்தன தனதன" என்று 15-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லுக்குள் தாளத்தை அடைத்துவைத்தவர் அவர்.

ஒரு கூட்டாளி கிடைத்தால் குறைப்பு விளையாடுங்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிச் செய்வது அதுதான். நீங்கள் 2 ஆவர்த்தனம் சொல்லுங்கள், அவர் 2 சொல்லட்டும். அடுத்து ஆளுக்கு ஒன்று, பிறகு அரை, பிறகு கால். கால் ஆவர்த்தனம் என்றால் 8 மாத்திரைதான், யோசிக்க நேரமில்லை, எதிராளி சொன்னதைக் காதில் வாங்கி அதற்கு ஏற்றதை உடனே சொல்ல வேண்டும். கடைசியில் இருவரும் சேர்ந்து மேலே சொன்ன 32 மாத்திரைக் கோர்வையை மூன்று முறை சொல்லி முடியுங்கள். இருவர் கையும் ஒன்றாகத் தொடையில் விழாவிட்டால் மறுநாள் மெட்ரோனோமை எடுத்துக்கொண்டு கைப் பயிற்சியிலிருந்தே மீண்டும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.